பூட்டிக்கொள்ளும் சக்கரம்

எண்பதுகளின் கடைசியில் நான் மலேசியாவில் கோலசிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியையாக இருந்தேன். அக்கா வீட்டில் தங்கல். அக்காவின் கணவர், என் அத்தான், செம்பனை எண்ணெய் ஆலையில் மெஷின் பிட்டர். வீட்டிலிருந்து பள்ளிக்குப் பஸ் கிடையாது. பழைய எழுபது சிசி மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி ஓட்டப் பழகிக்கொண்டேன். சேலையை முழங்காலுக்கு மேல் இழுத்துச் செருகி, உள்ளே ஒரு கால்சட்டை போட்டுக்கொண்டு போவேன். தோட்டத்துச் செம்மண் சாலையில், எங்கள் பேச்சில் சடக்கில், ஒரு பெண் மோட்டார் ஓட்டிப் போவதைப் பார்க்க ஆரம்பத்தில் தொழிலாளர் லயத்து வாசலில் எல்லாம் ஆள் நிற்கும். பிறகு பழகிவிட்டது.

ஒரு ஏப்ரல் மாதக் காலையில் விழுந்தேன். முதல் நாள் இரவு பெய்த மழை. சடக்கு வாய்க்காலை ஒட்டி வளைகிற இடத்தில் திரும்பிக்கொண்டிருந்தபோது எதிரே செம்பனைக் குலை ஏற்றிய லோரி நடுச்சடக்கில் வந்தது. நான் வலது காலால் பிரேக்கை அழுத்தினேன். மோட்டாரின் பின்பக்கம் என்னைக் கேட்காமலே ஒரு பக்கமாகப் போயிற்று. முன்பக்கம் இன்னொரு பக்கம். அதற்குப் பிறகு நினைவில் இருப்பது வாய்க்கால் தண்ணீரின் நாற்றமும் என் மோவாயிலிருந்து சொட்டிய ரத்தமும்தான். இடது மணிக்கட்டு முறிந்தது. மோவாயில் ஐந்து தையல்.

கட்டுப் போட்ட கையைவிட எனக்கு வலித்தது வேறு. பார்க்க வந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: உனக்குப் பிரேக் போடத் தெரியவில்லை. அத்தான் அதை ஒரு நாளைக்கு இரண்டு வேளை சொன்னார்.

"கரப்பான்பூச்சிய நசுக்கற மாதிரி மிதிச்சா வழுக்காம என்ன செய்யும்? பொம்பளைங்களுக்குப் பதட்டம் வந்தா கால் முழுசும் பிரேக்குலதான்."

"நிறுத்தணும்னாதானே அத்தான் பிரேக்கு? மிதிக்காம எப்படி நிறுத்தறது?"

"மிதிக்கணும். ஆனா அப்படி மிதிக்கக் கூடாது."

"பின்ன எப்படி?"

"அது ஓட்டற கைக்குத் தெரியும். சொல்லிக் குடுத்தெல்லாம் வராது."

இந்தப் பதில்தான் என்னை எரிச்சலின் உச்சிக்குக் கொண்டுபோனது. நான் பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவள். சொல்லிக் கொடுத்தால் வராது என்று ஒரு விஷயம் இருப்பதை நம்ப எனக்கு மனம் வரவில்லை.

கைக்கட்டு அவிழ்த்த பிறகு மோட்டாரைச் சீனத் தவுக்கே முதலாளியின் பட்டறையில் போய் எடுத்தேன். வளைந்த ஹேண்டலைச் சரிசெய்திருந்தார். நடு ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரத்தைக் கையால் வேகமாகச் சுழற்றிவிட்டு, பிரேக்கை ஒரு தட்டுத் தட்டினார். சக்கரம் அப்படியே நின்றது.

"பிரேக் பாகுஸ்," என்றார். பிரேக் நன்றாக இருக்கிறதாம்.

பிரேக் நன்றாக இருந்தால் நான் ஏன் விழுந்தேன் என்று மலாயில் கேட்டேன். சடக்கு வழுக்கல் என்று கையை விரித்துக் காட்டிவிட்டு அடுத்த மோட்டாரிடம் போய்விட்டார். ஆக, பிரேக் மேல் குற்றமில்லை, லோரி மேல் குற்றமில்லை, மழையை யாரும் குறை சொல்ல முடியாது. மிச்சம் நான் ஒருத்திதான்.

ஜூன் மாதம் தோட்ட மேனேஜர் பங்களாவிலிருந்து பழைய ஆங்கிலப் பத்திரிகைகள் ஒரு கட்டு பள்ளிக்கு வந்தது. பிள்ளைகள் படம் வெட்டி ஒட்டும் புத்தகத்துக்காக. நாலாம் வகுப்புப் பிள்ளைகள் கத்திரிக்கோலோடு அதன் மேல் விழுந்தார்கள். அவர்கள் வெட்டிப் போட்ட மிச்சத்தைப் பெருக்கும்போது ஒரு தாள் என் காலடியில் கிடந்தது. பெரிய ஜெர்மன் மோட்டார் சைக்கிள் ஒன்றின் படம். ஒரு பக்கம் முழுக்கக் கட்டுரை. கீழே மூலையில் உள்ளங்கை அளவுக்கு யாரோ வெட்டி எடுத்துவிட்டிருந்தார்கள். தலைப்பில் பிரேக் என்ற சொல் இருந்தது. அதனால் மடித்துக் கைப்பையில் வைத்தேன்.

நான் இடைநிலைப்பள்ளியில் மலாயில் படித்தவள். ஆங்கிலம் தட்டுத் தடுமாறித்தான் வரும். என்னிடம் இருந்தது ஆங்கில-மலாய் அகராதி. 'ஆன்டி-லாக்' என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தால் பூட்டுக்கு எதிரானது என்று வந்தது. இரண்டு நாள் அதை நான் திருட்டுச் சமாச்சாரம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். சாவி தொலைந்தால் பிரேக் எதற்கு உதவும் என்று மண்டையைக் குடைந்துகொண்டேன். மூன்றாம் நாள்தான் ஒரு வாக்கியம் பிடிபட்டது. ஓட்டுநர் பயத்தில் அழுத்தும்போது சக்கரம் சுற்றாமல் பூட்டிக்கொள்கிறது. நல்ல அனுபவசாலிகளுக்கும் இது நேர்கிறது.

அனுபவசாலிகளுக்கும்! அந்த ஒரு சொல்லுக்கு அடியில் சிவப்பு மையில் கோடு போட்டேன். ஜெர்மனியில் பெரிய பெரிய கெட்டிக்காரர்களும் அப்படித்தான் மிதிக்கிறார்கள் என்பதால்தான் ஒரு கம்பெனி இதற்கென்று ஒரு கருவியே செய்து மோட்டாரில் வைத்திருக்கிறது. தாளைக் கொண்டுபோய் அத்தான் முன்னால் வைத்தேன்.

அத்தான் படத்தைப் பார்த்தார். அம்புக்குறிகளை விரலால் தொட்டுக்கொண்டு போனார். மெஷின் படம் பார்க்கத் தெரிந்தவர் என்று எனக்கும் ஒரு நம்பிக்கை இருந்தது.

"இது ஒண்ணுமில்ல. பவர் பிரேக்கு. நம்ம கால் பலம் பத்தாதுன்னு மெஷினே இன்னும் இறுக்கிப் பிடிக்கும். அதான்."

"இறுக்கிப் பிடிச்சா பூட்டிக்காதா?"

"பிடிக்கிற விதத்துல பிடிச்சா பூட்டிக்காதுலா."

மறுபடியும் அதே விதம். ஆனாலும் அவர் சொன்னதை நம்பித்தான் மேற்கொண்டு படித்தேன். அதுதான் தப்பாகப் போயிற்று. ஒவ்வொரு வரியும் அவர் சொன்னதற்கு எதிராக வந்தது. சக்கரம் நிற்கப்போகிறது என்று தெரிந்தால் இந்தக் கருவி பிரேக்கை விட்டுவிடுமாம். 'ரிலீஸ்' என்று தெளிவாகப் போட்டிருந்தது. அகராதியில் லெப்பாஸ் என்றிருந்தது. விட்டுவிடுவது, கைநழுவ விடுவது. எதிரே லோரி வருகிறது, உயிர் போகப்போகிறது, அந்த நேரத்தில் பிரேக்கை விட்டுவிடுகிற மெஷினா? இதை எவன் காசு கொடுத்து வாங்குவான்? நான் தப்பாகப் படிக்கிறேன் என்று நினைத்து மூன்று முறை திரும்பப் பார்த்தேன். ஆத்திரத்தில் ஒரு நாள் அகராதியைக் கட்டில் மேல் எறிந்தேன். அது முதுகு பிரிந்து, 'எம்' எழுத்துக்குப் பிறகுள்ள பக்கங்கள் தனியாகக் கழன்று வந்தன.

படத்தில் சக்கரத்தின் நடுவே பல் வைத்த வளையம் ஒன்று இருந்தது. அதன் பக்கத்தில் ஆணி மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. வளையத்தின் பற்கள் அதைக் கடந்து போகும்போது அது எண்ணுகிறது என்று எழுதியிருந்தது. எதற்காக எண்ண வேண்டும்? பல்லை எண்ணினால் மோட்டார் நின்றுவிடுமா? இந்த இடத்தில் வாரக்கணக்கில் சிக்கிக்கொண்டு கிடந்தேன். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதுகூட அந்த வளையம்தான் கண்ணுக்குள் சுற்றியது.

வழி திறந்தது வகுப்பில் மணிலா அட்டையை வெட்டிக்கொண்டிருந்தபோது. சைக்கிள் சக்கரக் கம்பியில் அட்டையைச் செருகிவிட்டு டடடட என்று மோட்டார் சத்தம் வரவழைப்பது எங்கள் லயத்தில் நாங்கள் எல்லோரும் செய்ததுதான். கம்பிகள் அட்டையைத் தட்டும். வேகமாகப் போனால் சத்தம் நெருக்கமாக வரும். மெதுவாகப் போனால் விட்டுவிட்டு வரும். அப்படியானால் அதுவும் எண்ணுவதுதானே? அந்த ஆணி காது மாதிரி. அது சக்கரத்தின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

சனிக்கிழமை சாயங்காலம், மழை விட்டதும், அக்காவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு பள்ளித் திடலுக்குப் போனேன். யாரும் இல்லை. பின்சக்கரத்தின் பக்கத்துச் சட்டத்தில் இரண்டு துணிக் கிளிப்பால், ஆரக்கம்பிகள் தட்டும்படி அட்டையை மாட்டினேன்.

"உனக்குப் பைத்தியம் புடிச்சிருக்கு," என்றாள் அக்கா, குடையோடு கோல்கம்பத்துக்கு அருகில் நின்றுகொண்டு. "மறுபடி கைய ஒடச்சுக்கிட்டா நான் சோறு ஊட்ட மாட்டேன்."

"நீ ஒண்ணும் செய்ய வேணாம். நான் உங்கிட்ட வந்ததும் பிரேக் போடுவேன். என்ன ஆச்சுன்னு மட்டும் சொல்லு."

ஈரப் புல்லில் டடடடவென்று ஓட்டிக்கொண்டு வந்து, அக்கா நின்ற இடத்தில் முழுக் காலையும் பிரேக்கில் வைத்தேன். மோட்டார் பாம்பு மாதிரி நெளிந்துகொண்டு போய், கோல்கம்பத்தைத் தாண்டி நின்றது. இரண்டு காலையும் ஊன்றி எப்படியோ விழாமல் தப்பினேன்.

"என்னாச்சு?"

"சத்தம் உடனே நின்னுருச்சி," என்றாள் அக்கா. "நீதான் நிக்கல."

மோட்டார் மேல் உட்கார்ந்தபடியே அவளைப் பார்த்தேன். சத்தம் நின்றது, நான் நிற்கவில்லை. சக்கரம் நின்றால் மோட்டார் நின்றுவிடும் என்று அந்த நாள்வரை நினைத்துக்கொண்டிருந்தேன். நிற்பது சக்கரம் மட்டும்தான். மோட்டாருக்கு இருக்கிற வேகம் அப்படியே இருக்கிறது. சுற்றுகிற சக்கரம் தரையை அடிக்கு அடி புதிதாகப் பிடித்துக்கொண்டே போகிறது. நின்றுவிட்ட சக்கரமோ ஈரச் சிமிண்டில் செருப்பு வழுக்குவதுபோல் ஒரே இடத்தைத் தேய்த்துக்கொண்டு தன் இஷ்டத்துக்கு எந்தப் பக்கமும் போகும். பிரேக்கை விட்டுவிடுவது மோட்டாரை ஓடவிடுவதற்காக இல்லை. சக்கரத்தை மறுபடி சுற்ற வைத்து, தரையைப் பிடிக்க வைத்து, பிறகு மறுபடி அழுத்துவதற்காக.

"இன்னொரு தடவ," என்றேன்.

இந்த முறை காதைச் சத்தத்திலேயே வைத்திருந்தேன். சத்தம் அறுந்ததும் காலைத் தூக்கினேன். டட என்று அட்டை பேசியது. நெளிந்த மோட்டார் தானாக நேரானது. மறுபடி அழுத்தினேன். அறுந்தது. தூக்கினேன். அதற்குள் திடல் முடிந்து வேலி வந்துவிட்டது. பத்துப் பன்னிரண்டு தடவை முயன்றிருப்பேன். ஒரு தடவையில் இரண்டு முறைக்கு மேல் என் காலால் விட்டுப் பிடிக்க முடியவில்லை. காது கேட்டு, மூளை புரிந்து, கால் தூக்குவதற்குள் காரியம் கெட்டுவிடுகிறது. இரண்டு முறை விழுந்தேன். சேலையெல்லாம் சேறு. அந்தக் கருவி இதையே ஒரு நொடிக்குள் பல தடவை செய்கிறதாம், ஓட்டுகிறவர் காலை எடுக்காமலே. எப்படி என்று புரிந்துவிட்டது. புரிந்ததும் வந்த சந்தோஷம் வீட்டுக்குப் போகிற வழியிலேயே வடிந்துவிட்டது. என் மோட்டாரில் அது இல்லை. இந்த ஊரில் எவர் மோட்டாரிலும் இல்லை. என் கால் அதைச் செய்யவும் செய்யாது.

ஆனாலும் அத்தானிடம் ஜெயிக்க வேண்டியிருந்தது. காது மாதிரி இருக்கும் ஆணியையும் அது விட்டுப் பிடிப்பதையும் விளக்கிக்கொண்டே மறுநாள் அவரை அதே திடலுக்கு இழுத்துப் போனேன். சிரித்துக்கொண்டே ஏறினார். சத்தத்தோடு போனார். பிரேக்கை மிதித்தார். சத்தம் அறுந்தது, மோட்டார் பக்கவாட்டில் திரும்பியது, அத்தான் புல்லில் உட்கார்ந்த வாக்கில் நாலு முழம் வழுக்கிப் போனார். எழுந்து கால்சட்டையைத் தட்டினார். அக்கா சிரிப்பை அடக்கக் குடையால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"அட்டை சரியா மாட்டல," என்றார். "அதான் தட்டிவிட்டுருச்சி."

மோட்டாரை நிமிர்த்தி ஸ்டாண்டில் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார். ஆனால் அன்றிலிருந்து கரப்பான்பூச்சிப் பேச்சு வீட்டில் நின்றது.

அக்டோபர் தொடக்கத்தில் படம் ஒட்டிய புத்தகங்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். நாலாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் புத்தகத்தில் ஒரு வெள்ளைக் குதிரையின் படம், உள்ளங்கை அளவு. அதன் ஓரம் வெட்டப்பட்டிருந்த வளைவைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. கட்டுரையின் கடைசிப் பத்தி அந்தக் குதிரையின் முதுகுப்பக்கம் இருக்கிறது.

சிறுமியைக் கூப்பிட்டேன். "இந்தப் படத்த டீச்சர் எடுத்துக்கட்டுமா?"

அவள் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "கிழிஞ்சிரும் டீச்சர்."

"கிழியாம தண்ணி தடவி எடுக்கிறேன்."

"எங்கிட்ட குதிர இது ஒண்ணுதான் டீச்சர்."

டீச்சர் என்ற அதிகாரத்தில் பிடுங்கியிருக்கலாம். மனம் வரவில்லை. மறுநாள் அக்கா வீட்டுக் காலண்டரிலிருந்து மயிலும் யானையுமாக இரண்டு பெரிய படங்களைக் கொண்டுவந்து நீட்டினேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, "ரெண்டையும் தரணும், அப்பறம் குதிரையையும் திருப்பித் தரணும்," என்றாள். சம்மதித்தேன். ஈரப் பஞ்சால் ஒற்றி ஒற்றி அரை மணி நேரம் உரித்தேன். பசை தின்றது போக நாலைந்து வரிகள் தெரிந்தன. படித்து முடித்துவிட்டுக் குதிரையை அவளுக்குத் திருப்பி ஒட்டிக் கொடுத்தேன்.

அந்த வரிகள் சொன்னது இதுதான். இந்தக் கருவி நேராகப் போகும்போது மட்டும்தான் காப்பாற்றும். வளைவில் மோட்டார் சாய்ந்திருக்கும்போது அதை நம்பக் கூடாது. அதோடு, பரல்கல் கிடக்கிற மண் சடக்கில் நிற்பதற்கு இன்னும் அதிகத் தூரம்கூட எடுக்கலாம்.

ஆசிரியர் அறையில் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். வெளியே பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் விழுந்தது வளைவில். மண் சடக்கில். ஜெர்மன்காரன் செய்த அந்தப் பெரிய மோட்டாரிலேயே நான் அன்று போயிருந்தாலும் இதே வாய்க்காலில், இதே மோவாய் கிழிந்து கிடந்திருக்கலாம். நாலு மாதம் ஒரு தாளோடு மல்லுக்கட்டி, அகராதியைக் கிழித்து, சேற்றில் விழுந்து, கடைசியில் எனக்குக் கிடைத்த பதில் எனக்குப் பயன்படாத பதில். யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. கட்டுரையை எழுதியவன் இதை முதல் பத்தியில் எழுதியிருக்கக் கூடாதா?

இதை நான் வீட்டில் சொல்லவில்லை. அத்தான் அடங்கியிருந்தார், அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நேர்மையில்லாத காரியம்தான்.

தீபாவளிக்கு அத்தானின் சொந்தக்காரர்கள் கெர்லிங் பக்கத்திலிருந்து வந்திருந்தார்கள். சாப்பிட்டு முடித்து ஆண்கள் நடுவீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு எப்படியோ மோட்டார் விபத்துக்குத் திரும்பியது. அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இப்ப ஜெர்மன்ல ஒரு பிரேக்கு வந்திருக்கு. சக்கரத்துல பல்லு வச்சிருக்கான். ஒரு காது மாதிரி, அது கேட்டுக்கிட்டே இருக்கும். சக்கரம் பூட்டப்போற நேரத்துல விட்டுப் பிடிக்கும், விட்டுப் பிடிக்கும். நம்மள மாதிரி ஆளு எவ்வளவு கெட்டிக்காரனா இருந்தாலும் அத காலால செய்ய முடியாது. நானே செஞ்சு பாத்தேன்."

நான் சொன்ன சொற்கள், அப்படியே. சமையலறை வாசலில் தட்டோடு நின்றிருந்தேன். அவர் என்னைப் பார்த்தார். கேலியில்லாமல், கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார்:

"நம்ம கொழுந்தியா விழுந்துச்சே, அது மேல தப்பே இல்ல. அந்தப் பிரேக்கு மட்டும் இருந்திருந்தா விழுந்திருக்காது."

ஏப்ரலிலிருந்து நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை. பத்துப் பேர் முன்னால் வந்தது. அதை அப்படியே வாங்கிக்கொண்டு உள்ளே போயிருக்கலாம். ஏன் போகவில்லை என்று இன்றைக்கும் அக்கா கேட்பாள்.

"இல்லத்தான்," என்றேன். "அப்பவும் விழுந்திருப்பேன்."

எல்லோரும் திரும்பினார்கள்.

"வளைவுல அது வேல செய்யாதாம். நேரா போனாத்தான். நான் கடைசிப் பத்தியப் படிச்சேன்."

"எப்ப படிச்சே?"

"போன மாசம்."

அத்தான் முகம் சுருங்கியது. வந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். "அப்ப அது என்ன பிரேக்குலா?" என்று அவர் கேட்க, பேச்சு வேறெங்கோ போய்விட்டது. நான் தட்டுகளைக் கழுவப் போனேன். அக்கா என் பக்கத்தில் நின்று, தண்ணீர்ச் சத்தத்துக்குள், "அவரு உனக்காகத்தானே பேசினாரு. வாய மூடிக்கிட்டு இருந்தா என்னா?" என்றாள்.

"பொய்க்கு எப்படிக்கா தலையாட்டறது?"

"ஒரு மாசம் ஆட்டினேதானே?"

நான் அடுத்த தட்டை எடுத்துத் தேய்த்தேன்.

அத்தான் என்னோடு பத்து நாள் பேசவில்லை. காலையில் தேநீர்க் கோப்பையை நான் வைத்தால் அக்கா எடுத்து அவர் பக்கம் நகர்த்த வேண்டும். பதினோராம் நாளோ என்னவோ, மழை கொட்டிக்கொண்டிருந்த காலை, வேலைக்குக் கிளம்பக் காலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்:

"அப்ப வளைவுல என்னதான் செய்யணுமாம்?"

கட்டுரையில் அது இல்லை. நான் எழுத்துக்கு எழுத்து படித்திருக்கிறேன். கடைசிப் பத்தியில்கூட இல்லை.

"அத அவன் எழுதல அத்தான்."

"ம்," என்றார். மழைச்சட்டையின் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டார். "அப்ப நாமதான் மொதல்லயே ஸ்லோ பண்ணிக்கணும் போல."

ஆமாம் என்றேன். இருவரும் அவரவர் மோட்டாரை உதைத்து, ஒருவர் பின் ஒருவராக, நடந்து போகிறவர்கள் முந்திவிடுகிற வேகத்தில் சடக்கில் இறங்கினோம்.